எலிப்பிடியியல்: கோட்டாற்றுப் பாடம்

எலி என்றது ஈண்டுக் கணினி எலியை. மவுஸ், சுட்டி என்பனவும் அதுவே. எலிப்பிடி என்பது அந்த மவுஸைக் கையால் பிடிக்கும் முறை. எலியைப் பிடிக்கும் முறை அன்று. பின்னதில் கோட்டாற்றுச் சந்தையான கம்போளத்து மளிகை மண்டிகள் நெடுங்காலமாகக் கரைகண்டவை, நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வுக்களம்: மேற்படி கம்போளத்தில் ஒரு வற்றல் மிளகாய் மண்டியின் பின்கட்டு. ஆய்வுப்பொருள்: அங்கே கணக்கெழுதும் என் வலது மணிக்கட்டு. ஒற்றை மணிக்கட்டை வைத்து ஆய்வா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் தங்கள் மணிக்கட்டைக் கொடுத்து உதவலாம்.

நோய் நாள் பார்த்துத்தான் வந்தது. மாதந்தோறும் 11ஆம் தேதி ஒருமுறை, 20ஆம் தேதி ஒருமுறை. அமாவாசை, பௌர்ணமியோடு பொருத்திப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி படிவங்களின் கடைசி நாட்களோடு பொருத்தினால் கச்சிதம். இதில் வரியின்மேல் பிழை இல்லை. ஒன்பது நாள் சும்மா இருந்துவிட்டுப் பத்தாம் நாள் இரவு உட்காருகிறவன் பிழை.

மணிக்கட்டின் அமைப்பாவது: எட்டுச் சிற்றெலும்புகள் வாய்க்கால்போல் வளைந்து கிடக்க, மேலே ஒரு தடித்த நார் கூரையாகிறது. அந்தச் சந்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போக வேண்டும். டிசம்பர் 3 அன்று கோட்டாறு சவேரியார் கோயில் தேரோட்டக் கூட்டத்தில், ஒன்பது முரடர்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட பெரியவரை நினைத்துக்கொள்க. அவர்தான் நரம்பு. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் சரிபாதி ஆகியவை அவர் ஆட்சி. 'அரை விரல் மரத்துப் போகுமா' என்று என் வீட்டார் கேலி செய்தார்கள்; போகும். சுண்டுவிரல் மரத்தால் அது முழங்கை வழியாக வரும் வேறொரு நரம்பின் வழக்கு. இரவில் கை மரத்து எழுந்து உதறுகிற நிலை வந்துவிட்டால் மவுஸ் கடைக்குப் போகக்கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சவேரியாரைச் சொன்னதும் பக்தியோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கடற்கரைப் பக்கத்தில் கைச்சோர்வு பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அவருடையது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துப் பலமுறை கை ஓய்ந்துவிடுகிறது என்கிறார். 1614இல் உடலிலிருந்து பிரித்தெடுத்த அந்த வலது முன்கை தனியே ரோமில் ஜேசு ஆலயத்தில் இருக்கிறது. அவர் ஓய்ந்தது ஆயிரக்கணக்கான ஆன்மாக்களுக்காக. நான் ஓய்வது எட்டு மூட்டை குண்டு மிளகாய்க்காக. எனினும் நோய் ஓரினமே.

இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713இல் கணக்கெழுதுவோர் நோய்க்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே போக்கில் அசைவது, தப்பு வந்துவிடக்கூடாதே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்வது. மூன்றாவதற்கு இன்னும் எந்தக் கம்பெனியும் மவுஸ் கண்டுபிடிக்கவில்லை.

இனி வகைகள். எங்கெல்பார்ட் வகுத்து 1964இல் உருவான முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். மரம் போய் பிளாஸ்டிக் வந்தும் கை கவிழ்ந்தே கிடக்கிறது. மேசைமேல் உள்ளங்கையை மல்லாத்திவிட்டுப் பிறகு கவிழ்த்துப் பாருங்கள்: முன்கையின் இரண்டு எலும்புகளும் கத்தரிபோல் குறுக்கே விழும். நாள் முழுவதும் அப்படியே இருந்தால் கை என்ன செய்யும்?

இதை முதலில் கண்டறிந்தவர், மண்டியில் வந்து உட்காரும் ஓய்வுபெற்ற மாட்டுத் தரகர் ஒருவர். "தவளைய அமுக்குத மாதிரி கைய ஏன்வே கவுத்தி வச்சிருக்கீரு?" என்றார். செங்குத்து மவுஸ் என்பது தரகர் பிடியே. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது கை எப்படிச் சாய்ந்து நிற்குமோ அப்படி நிற்கும். லாஜிடெக் கம்பெனிக்காரர்கள் 57 பாகை என்று அளந்து சொல்கிறார்கள். தரகர் அளக்காமலே அந்தச் சாய்வில் வாழ்ந்தவர்.

அற்றேல், செங்குத்து மவுஸால் நோய் தீருமோ எனின், அவ்வளவு எளிதன்று. மணிக்கட்டுச் சந்து நோய் உள்ளவர்களிடமே சோதித்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மணிக்கட்டின் நிலை மாறியது. சந்துக்குள் இருக்கும் அழுத்தம் குறையவில்லை. முன்கைத் திருகல் குறையும், அதுவே லாபம் என்று கொள்க.

உருண்டை பதித்த டிராக்பால் வகைக்கு மூதாதை ஆட்டுரல். உரல் நகராது, குழவி சுழலும். கனடா கடற்படைக்காக 1950களில் செய்த டிராக்பாலில் பவுலிங் விளையாட்டுப் பந்தையே பதித்தார்களாம். குழவி அளவு இருந்திருக்கும். ஆனால் மூதாதை ஓலையே என்னும் ஓலைக்கட்சியும் உண்டு: எழுத்தாணி பிடித்த கை ஏறக்குறைய அசையாமலிருக்க, இடக்கை ஓலையை நகர்த்திக் கொடுக்கும். கையை ஓட்டாமல் பொருளை ஓட்டுவது அங்கேயும் உண்டு. உரலா, ஓலையா, எது முந்தியது என்பதைக் கற்றார் உய்த்துணர்க. டிராக்பாலில் பாரம் முழுதும் பெருவிரலில் இறங்கும் ரகம் ஒன்று உண்டு; பெருவிரல் ஏற்கெனவே நொந்தவர்க்கு அது ஆகாது.

அளவுக்கு முழக்கோல் வேண்டாம். கையை மேலே வைத்தால் விரல்கள் மடங்காமலும் நீட்டி எட்டாமலும் பொத்தானில் விழ வேண்டும். என் முதலாளியின் சாண் பெரிது, அவர் வாங்கித் தந்த மவுஸில் நான் குழந்தை சைக்கிள் ஓட்டுவதுபோல் தொங்கினேன். மணிக்கட்டுக்கு அடியில் மெத்தை வைத்து அழுத்துவதும் வேண்டாம். நார்க்கூரை அங்கேதான் இருக்கிறது. சுசுருதர் எண்ணிய 107 மர்மங்களில் மணிக்கட்டாகிய மணிபந்தமும் உண்டு என்பதை, அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கும் ஊர்க்காரனான நான் இங்கே சொல்லாமல் விட்டால் தகாது.

எலியே வேண்டாம் என்பது மூன்றாம் கட்சி. எங்கள் பழைய கணக்கர் டாலி என்னும் கணக்கு மென்பொருளில் மவுஸைத் தொடவே மாட்டார். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று விசைப்பலகையிலேயே கடையைச் சுற்றி வருவார். மணிக்கட்டு இன்றும் கிண்ணென்று இருக்கிறது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு காரியங்களை ஒரே நேரத்தில் நினைவில் ஓட்டிச் சதாவதானி ஆனார், ஒரு பொத்தானும் அமுக்காமல். நமக்கு நான்கு ஜன்னல் திறந்தாலே எதை மூடுவது என்று தெரியவில்லை.

முடிவில் செங்குத்து மவுஸே வாங்கினேன். மேசையில் அது சிறு மீன்துடுப்புபோல் எழுந்து நின்றது. தரகர் வந்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து என் கையையும் மவுஸையும் சேர்த்து மூடினார். உள்ளே அவர் கை நுழைந்து, பதிலுக்குக் காத்திருந்தது. விலை கேட்கிறார் என்று புரிந்து, அவர் விரல்களில் இரண்டைப் பிடித்தேன்.

அவர் என் விரல்களில் ஒன்றை மட்டும் பிடித்து, அழுத்தி, விட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மிளகாய் என்ன விலை போகிறது என்று கேட்க முன்கட்டுக்குப் போய்விட்டார்.