நிற்க வைத்து வாழவைக்கும் வள்ளல்

முதலாளி ஐயா, உங்கள் ஜவுளிக்கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எந்த ஊர்க் கடைத்தெருவிலும் உங்களைப் போன்றவர் இருக்கிறார். இந்தப் பாராட்டு உங்கள் எல்லோருக்கும் போய்ச் சேரட்டும்.

முதலில் உங்கள் விருந்தோம்பலைச் சொல்ல வேண்டும். கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பத்துக்கு மெத்தை வைத்த இருக்கை, குளிர்ந்த ரோஸ்மில்க், குழந்தைக்குப் பலூன். கூட வந்த பாட்டிக்குக் கால் வலிக்குமே என்று நாற்காலியை நீங்களே இழுத்துப் போடுகிறீர்கள். மனிதர்களுக்குக் கால் வலிக்கும் என்பது தெரிந்த முதலாளி நீங்கள். அந்தப் பாட்டிக்கு எதிரே நின்று முப்பதாவது புடவையைப் பிரித்துக் காட்டும் பெண்ணுக்கு வலிக்கவே வலிக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவம் படித்தவர்களுக்குக்கூட எட்டாத ஞானம் இது. நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும், இடுப்பு விட்டுப்போகும் என்றெல்லாம் அவர்கள் வீணாகப் பயமுறுத்துகிறார்கள்.

நேரத்தின் அருமையை உங்களைப் போலக் கற்றுத்தர ஆளில்லை. காலை ஒன்பதரைக்கு விரல்ரேகைக் கருவியில் விரல் பதிய வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் பிடித்தம். இரவு கடைசி வாடிக்கையாளர் படியிறங்கிய பிறகு, குவிந்து கிடக்கும் புடவைகளை மடித்து அடுக்கி, ஸ்டாக் சரிபார்த்து முடிக்கப் பத்தரை ஆகிவிடும். அந்த வேளையில் கருவியைத் தொந்தரவு செய்வதில்லை. அதுவும் பாவம், ஓய்வெடுக்க வேண்டுமே. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்றது. நாலு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளையும் கேட்டது. உங்கள் கடையில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். அதில் மாடியேறி, வரிசையில் நின்று, தட்டுக் கழுவி, மறுபடி கவுன்ட்டருக்கு ஓடிவந்துவிடுகிறார்கள். இத்தனை சுறுசுறுப்பை எந்தச் சட்டத்தாலும் வரவழைக்க முடியாது.

உங்கள் கண்காணிப்பும் மெச்சத்தக்கது. அலமாரியில் யாராவது சாய்ந்தால் கேமராவில் தெரிந்துவிடும். அடுத்த நிமிடம் சூப்பர்வைசர் வந்து நிற்பார். வந்தவர்கள் ஒன்றும் எடுக்காமல் போய்விட்டால், "ஏம்மா, வெறுங்கையோட அனுப்பிட்டியே" என்று எல்லோர் முன்னாலும் விசாரணை. கழிப்பறைக்குப் போய்வர இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. அதனால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். வாசலில் பட்டுடுத்தி நிற்கும் பொம்மைக்கும் உள்ளே நிற்கும் பெண்ணுக்கும் ஒரே விதியை வைத்திருக்கும் உங்கள் சமத்துவம் வாழ்க.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் அந்த 1947 சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று 22-ஏ பிரிவு சேர்ந்தது. நீங்கள் சட்டத்தை மதிப்பவர். உடனே ஸ்டூல்கள் வாங்கினீர்கள். அவை இன்றும் குடோனில், பாலிதீன் உறை கிழியாமல் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர் வரும் நாளில் தரைத்தளத்துக்கு இறங்கிவந்து அவருக்குத் தரிசனம் தருகின்றன. ஒரு சட்டத்தை இத்தனை ஆண்டுகள் புதிதாகவே வைத்திருப்பது சாதாரணக் காரியமா?

சம்பள விஷயத்தில் உங்கள் திறமை தனி. சேர்க்கும்போது 'சாப்பாடு, தங்குமிடம் இலவசம்' என்றீர்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்து ஒற்றுமையை வளர்த்தீர்கள். அந்த இலவசத்தைச் சம்பளத்திலேயே கழித்து, யாருக்கும் கடன்பட்ட உணர்வு வராமல் காத்தீர்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் வரும் தொகை இன்னொன்று. இரண்டையும் பார்த்துப் பார்த்து அந்தப் பெண்களுக்குக் கழித்தல் கணக்கு நன்றாக வந்துவிட்டது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் பணிக்கொடை தர வேண்டுமாம். நாலாவது ஆண்டு முடிவில் ஒரு மாதம் ஊருக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்கிறீர்கள். பத்து ஆண்டு உழைத்தவளை இரண்டு முறை இளமையாக்கும் வித்தை இது.

உங்கள் கடையின் அமைதியைக் கெடுக்கப் பக்கத்து மாநிலத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் பி. விஜி என்ற தையல்காரப் பெண்ணோடு சேர்ந்து முதலில் கழிப்பறை கேட்டார்கள். அப்புறம் உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தையே திருத்தியது. உங்கள் கடையில் அப்படி யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களின் கணக்கை அன்றைக்கே முடித்து அனுப்பிவிடும் வேகம் உங்களிடம் இருக்கிறது.

ஐயா, உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மாடிக் கடையை ஐந்து மாடியாக்கியவர் நீங்கள். அந்த ஐந்து மாடியையும் தாங்கி நிற்பவை எந்தக் கால்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பெண்கள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் தம்பி படிக்கிறான், அப்பாவின் கடன் அடைகிறது, வீட்டில் அடுப்பு எரிகிறது. லட்சம் புடவைக்கு இடம் கண்ட கடையில் நூறு ஸ்டூலுக்கு இடம் காண்பது உங்களுக்குப் பெரிய வேலையா? நின்ற நேரத்துக்கெல்லாம் கணக்குப் பார்த்து, எழுதிய சம்பளத்தை எழுதியபடியே கையில் கொடுப்பது பெரிய வேலையா? அதைச் செய்யுங்கள். அன்றைக்கு உங்களை வாயாரப் பாராட்ட உங்கள் கடை வாசலுக்கே வருகிறேன். எத்தனை மணி நேரம் ஆனாலும் நின்றே பாராட்டுகிறேன்.