தோற்கும் கழகத்துக்குப் புதிய பயிற்றுநர்: கண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டியில் இந்த ஆய்வை நடத்துவதில் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். ஊரின் பெரிய கழகம் தோற்பதே அபூர்வம். 1874இல் தொடங்கப்பட்ட கண்டி விளையாட்டுக் கழகம், நித்தவெல மைதானத்தைத் தளமாகக் கொண்டு, 1990கள் தொட்டு றக்பி லீக் கிண்ணத்தைத் தூக்கிப் பழகிவிட்டது. வென்று பழகிய ஊரில் பயிற்றுநரைத் துரத்தும் கலை எப்படி வளரும்? ஆகவே கண்டிவாசிகள் தமக்கு வேண்டிய தோல்வியை வெளியிலிருந்து தருவித்துக்கொள்கிறார்கள். அதற்கு உதைபந்தாட்டம்தான் வசதி. மொத்த விநியோகம் மென்செஸ்டரிலிருந்து. தட்டுப்பாடு வந்தால் நமது தேசிய அணி இருக்கவே இருக்கிறது.

ஆய்வுக் களம், குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. காலம், முதல் நாள் இரவு மென்செஸ்டர் யுனைடெட் தோற்ற ஏதோவொரு திங்கட்கிழமை. சான்றுப் பொருட்கள், ஒரு பிளேன்டீ, பாதி கடித்த பனிஸ்.

“கோச்ச தூக்கணும் அண்ணே. அப்பதான் சரிவரும்.”

“போன தடவையும் இதத்தானடா சொன்ன. தூக்கினாங்கதானே?”

“அது வேற ஆளுண்ணே.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் துறையின் மூலக் கோட்பாடு. அதை எந்தச் சான்றாலும் முறியடிக்க முடியாது. அலெக்ஸ் பேர்குசன் 2013இல் ஓய்வு பெற்றதிலிருந்து 2024 வரை யுனைடெட் ஆறு நிரந்தர முகாமையாளர்களை நியமித்தது. முதலாமவர் டேவிட் மோயஸுக்குக் கொடுத்தது ஆறு வருட ஒப்பந்தம். அவர் தாக்குப்பிடித்தது பத்து மாதம். ஆறாமவர் ரூபன் அமோரிம் வந்த பருவத்தில் கழகம் 15ஆம் இடத்தில் முடித்தது. ஒவ்வொரு முறையும் “அது வேற ஆளு” என்ற கோட்பாடு சேதமின்றித் தப்பியது. பேர்குசனே 1986இல் வந்து முதல் கிண்ணத்தை 1990இல்தான் தூக்கினார் என்பதைக் கடையில் சொல்லிப் பார்க்கலாம். பனிஸ் மட்டும்தான் காதுகொடுக்கும்.

ஆளை மாற்றினால் அணி எழும்புகிறதே என்பார்கள். உண்மை, எழும்புகிறது. நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதற்பிரிவுக் கழகங்களின் 1986 முதல் 2004 வரையான பெறுபேறுகளைத் துருவி 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே அளவுக்குச் சறுக்கியும் முகாமையாளரை நீக்காத கழகங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவையும் எழும்பின. கிணற்றின் அடியைத் தொட்டவன் இனி எங்காவது போக வேண்டுமானால் மேலேதானே போகவேண்டும்! இக்கட்டுரையைக் குட்ஷெட்டில் எவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. கழகங்களின் இயக்குநர் சபைகளிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

தெரிவு முறைக்கு வருவோம். இதில் பாரதத்தின் பங்களிப்பு தனித்துவமானது. 2022 ஜூனில் ஆப்கானிஸ்தானுடனான ஆட்டத்துக்கு முன் பயிற்றுநர் இகோர் ஸ்டிமாச் வீரர்களின் விவரங்களை ஒரு சோதிடருக்கு அனுப்பி யோசனை கேட்டார் என்று அடுத்த ஆண்டு ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ எழுதியது. அந்த ஆட்டத்தில் இந்தியா 2–1 என வென்றது. எனவே இம்முறையை விஞ்ஞானபூர்வமாக நிராகரிக்க வழியில்லை.

2025 ஜூலையில் இந்தியா மறுபடி ஆள் தேடியது. வந்த விண்ணப்பங்கள் 170. பார்சிலோனாவின் சாவி ஹெர்னாண்டஸ்கூட விண்ணப்பித்தார், சம்பளம் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள் எனச் செய்தி பரவியது. பிறகு இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனமே, சாவி பெயரிலும் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் போலி என்று அறிவித்தது. அனுப்பியது வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் என்று பத்திரிகைகள் எழுதின. இல்லாத சாவியைப் பணமில்லை என்று மறுத்த பெருமை வேறு எந்த நாட்டுக்கு உண்டு? ஓகஸ்ட் 1ஆம் திகதி காலித் ஜமீல் தெரிவானார். செப்டெம்பரில் ஓமானைப் பெனால்டியில் வென்று மத்திய ஆசியப் போட்டியொன்றில் மூன்றாமிடம். ஒக்டோபரில் சிங்கப்பூரிடம் தோல்வி, ஆசியக் கிண்ண வாய்ப்பும் போயிற்று. எழும்பலும் விழுதலும் மூன்று மாதத்துக்குள். டெர் வீல் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

இனி நம் வீடு. இலங்கைக்கு 2018இல் உள்ளூர்க்காரர் நிசாம் பக்கீர் அலி. 2020இல் பொஸ்னியாவில் பிறந்த அமிர் அலகிச். 2022இல் மென்செஸ்டர் சிட்டியின் முன்னாள் அணித்தலைவர் அண்டி மொரிசன். பின்பு மில்வோலில் ஆடிய கீத் ஸ்டீவன்ஸ். 2024இல், அதற்கு முன் நேபாளத்தைத் தெற்காசியக் கிண்ண இறுதியாட்டம்வரை கொண்டுபோன குவைத்தின் அப்துல்லா அல்முதைரி. தெரிவுக்குழு விரும்பும் தகுதிகள் இப்பட்டியலில் முழுமையாக அடங்கியுள்ளன. ஆள் நம்மைத் தெரிந்தவராக இருக்கவேண்டும்; வெளிநாட்டவராகவும் இருக்கவேண்டும். கண்டிப்பானவர் வேண்டும், யாரையும் கண்டிக்கக் கூடாது.

இந்தக் காலத்தின் நடுவே ஒரு பொற்காலமும் உண்டு. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கை ஒரு சர்வதேச ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பீஃபா தடை விதித்திருந்ததால் ஆடவே இல்லை. தடைக்குக் காரணம் பின்களத்தின் ஓட்டையல்ல. சம்மேளனத் தேர்தலும் அதில் புகுந்த வெளித் தலையீடும்தான். பயிற்றுநர் எவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை.