சோம்பேறியா இருடா, ஆனா முழுச் சோம்பேறியா இரு

டே பேராண்டி, "பையன் ராப்பகலா உழைக்கறான்"னு உன் அம்மா பசார்ல பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வர்றா. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டி வெச்சேன். பெத்தவ ஆசையை ஏன் கெடுக்கணும்? ஆனா பினாங்கு பாயான் லெப்பாஸ் லேப்ல நீ என்ன செய்யறேன்னு எனக்குத் தெரியாதா? அங்க ஒரு மெஷின் தானா உறிஞ்சி தானா ஊத்துது. நீ பக்கத்துல நின்னு, அது முட்டி வளைச்ச உறிஞ்சற முனையை, அதான் டிப்பை, பொறுக்கிட்டு இருக்கே. மெஷினுக்கு எடுபிடியா ஒரு மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன்.

உன்னைச் சோம்பேறின்னு யாராவது திட்டினா நான் ஒத்துக்க மாட்டேன். நீ அரைச் சோம்பேறி. அளக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் சோம்பல் பட்டுட்டு, திருத்தறதுக்கு அஞ்சு ராத்திரி முழிக்கறவன் அரைச் சோம்பேறி. இன்னொரு தடவை எழுந்திருக்க வேண்டி வருமேன்னு பயந்து மொதல்லயே ஒழுங்கா அளக்கறவன்தான் முழுச் சோம்பேறி. நான் ரெண்டாவது ரகம். அதனாலதான் இந்த வயசுலயும் முட்டி நல்லா இருக்கு.

இந்த ஊரே அளவுலதான்டா சோறு தின்னுச்சு. 1972-ல பாயான் லெப்பாஸ்ல ஃப்ரீ ட்ரேட் ஜோன் வந்தப்போ இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியில தன் மொதல் ஃபேக்டரியை இங்கதான் போட்டான். கம்பத்துலேர்ந்தும் தோட்டத்துலேர்ந்தும் வந்த பொண்ணுங்க மைக்ரோஸ்கோப்புல கண்ணை வெச்சு, தலைமுடியை விட மெல்லிசான தங்கக் கம்பியைச் சில்லுல ஒட்டினாங்க. "ஏறக்குறைய இங்க இருக்கும்"னு எந்த அக்காவும் ஒட்டலை. அதே வருஷம் வந்தவங்கள்ல ஹியூலட்-பேக்கர்டும் ஒண்ணு. 1999-ல அதுலேர்ந்து பிரிஞ்சது ஏஜிலென்ட். அந்த ஏஜிலென்ட்தான் பிராவோன்னு தண்ணி ஊத்தற மெஷினும், அதை ஓட்ட வி-ஒர்க்ஸ்னு சாஃப்ட்வேரும் விக்குது. ஆக, நீ திட்டற மெஷின் யாரோ எவரோ வித்தது இல்லை. உன் கேட்டுக்குப் பக்கத்துலயே அதை விக்கறவங்க இருக்காங்க.

சரி, உன் மெஷினுக்கு என்ன குறை? கண்ணு இல்லை. குழி குழியா இருக்கற பிளாஸ்டிக் பிளேட்டுலதான் அது ஊத்துது, ஆனா அந்தப் பிளேட்டை அது பார்க்கறதில்லை. நீ எழுதிக் குடுக்கற ஃபைலைத்தான் படிக்குது. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, மொதல் குழி இங்க, அடி அங்கன்னு நீ சொன்னா, சொன்ன இடத்துக்கு நேரா இறங்கும். பத்து மாவுங் கோயில்ல கல்லுல ஒரு கால் தடம் இருக்கே, பார்த்திருப்பே. சீனர்கள் அதைத் தளபதி செங் ஹோவோடதுன்னு சொல்வாங்க. மலாய்க்காரங்க கெடெம்பாய்ங்கற பூதத்தோட கால்னு சொல்வாங்க. நம்ம ஆளுங்க அனுமார் பாதம்னு கன்னத்துல போட்டுப்பாங்க. ஒரே பள்ளத்துக்கு மூணு கதை, மூணும் சமாதானமா இருக்கு. உன் பிளேட்டுல இருக்கற பள்ளத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதுக்கு ஒரே கதை, அதுவும் மில்லிமீட்டர்ல.

இப்போ யோசனைக்கு வர்றேன். மொதல் யோசனை: புதுசா எதையும் எழுதாதே. சாஃப்ட்வேர்காரன் தன் லைப்ரரியில நூத்துக்கணக்கா பிளேட்டை அளந்து போட்டு வெச்சிருக்கான். உன் டப்பாவுல இருக்கற கேட்டலாக் நம்பரை அங்க தேடு. இருந்தா எடுத்துக்கிட்டு கோப்பி குடிக்கப் போ. இல்லைன்னா "இது பார்க்கறதுக்கு அது மாதிரியேதான் இருக்கு"ன்னு வேற கம்பெனி பிளேட்டோட பேரைச் சொல்லி ஓட்டாதே. பொண்ணு பார்க்கப் போறவன் அக்காவைக் காட்டித் தங்கச்சியைக் கட்டி வெச்சாங்கன்னு அப்புறம் அழக் கூடாது.

அளவு எல்லாம் ஒண்ணுதானேன்னு நீ கேப்பே. பாதி ஒண்ணு. 1951-ல ஹங்கேரியில தகாட்சின்னு ஒரு டாக்டர் ஃப்ளூ ஆராய்ச்சிக்குச் சாமான் போதாம, அக்ரிலிக் பலகையில 6 வரிசைக்கு 12 குழின்னு 72 குழி கடைஞ்சு எடுத்தார். பிறகு அது 8-க்கு 12 ஆகி 96 ஆச்சு. ஆளாளுக்கு ஒரு சைஸ்ல பிளேட் போட ஆரம்பிச்சதும் மெஷின்காரங்க தலையில கை வெச்சாங்க. கடைசியில 2004-ல அமெரிக்காவுல தர விதியா எழுதினாங்க: அடி நீளம் 127.76 மி.மீ., அகலம் 85.48 மி.மீ. 96 குழி பிளேட்டுல குழிக்குக் குழி 9 மி.மீ. 384-ல 4.5. 1536-ல 2.25.

இதுல ஒரு அழகு இருக்கு, காசு செலவில்லாம ரசிக்கலாம். 96 குழி பிளேட்டுல மொதல் குழியோட நடு, இடது ஓரத்துலேர்ந்து 14.38 மி.மீ. அங்கேர்ந்து 12-வது குழிக்கு 11 இடைவெளி, ஒவ்வொண்ணும் 9, ஆக 99. அந்தப் பக்கமும் 14.38. கூட்டு: 127.76. மேலேர்ந்து கீழே கூட்டினா 11.24, அப்புறம் 63, திரும்ப 11.24. மொத்தம் 85.48. உன் ஃபைல்ல போட்ட நம்பரை இப்படிக் கூட்டிப் பார்த்து வரலைன்னா, எங்கயோ தப்புன்னு அங்கயே தெரிஞ்சுடும். ஒரு பைசா பிளாஸ்டிக்கும் உடையாது.

ஆனா விதி எல்லாத்தையும் சொல்லிடலை. 24 குழி, 48 குழி பிளேட்டுக்குக் குழி எங்கேன்னு சொல்ற விதியே இல்லை. குழி எவ்வளவு ஆழம், அடி தட்டையா உருண்டையா கூரா, இதெல்லாம் கம்பெனிக்காரன் இஷ்டம். உங்க ஆளுங்க பிரிண்டர்ல அச்சடிச்சுக் கொண்டு வர்ற ட்யூப் ஸ்டாண்டைப் பத்திச் சொல்லவே வேணாம். அதோட அளவு அச்சடிச்சவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

அதனால ரெண்டாவது யோசனை: வெர்னியர் காலிப்பரை எடு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னாங்க. நீ மைக்ரோலிட்டர்ல போடறவன், அளக்காம போடலாமா? ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவுல அளக்காதே. அது அரைச் சோம்பேறி வழி. குழியோட நடு எங்கேன்னு கண்ணால குறிக்க முடியாது. A1 குழியோட இடது விளிம்புலேர்ந்து A12 குழியோட இடது விளிம்பு வரைக்கும் ஒரே இழுப்பா அளந்து, 11-ஆல வகுத்துக்க. கை நடுங்கின தப்பும் 11-ஆ உடைஞ்சு போயிடும். 9-க்குப் பதிலா 9.1-னு போட்டா என்ன ஆகும்? மொதல் குழியில மகராஜனா இறங்கும். கடைசிக் குழிக்கு வர்றப்போ 1.1 மி.மீ. தள்ளி நிக்கும். 384-ல அதே 0.1 தப்பு 23 இடைவெளி தாண்டி 2.3 மி.மீ. ஆகி, டிப் நேரா சுவத்துல குந்தும். நீ A1-ஐ மட்டும் பார்த்துட்டு "ஓக்கே லா"ன்னு கையெழுத்துப் போடறவன். அதான் உனக்குக் கடைசி வரிசையில மட்டும் கண்டம்.

மூணாவது, ஆழம். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு உன்னை மாதிரி ஆளுக்குத்தான் சொல்லி வெச்சாங்க. ஓபன்ட்ரான்ஸ்ங்கற இன்னொரு மெஷினோட லைப்ரரியில கார்னிங் கம்பெனியோட 360 மைக்ரோலிட்டர் தட்டை அடி பிளேட்டை எடுத்துக்க. உயரம் 14.22, ஆழம் 10.67. கழிச்சா குழியோட அடி தரையிலேர்ந்து 3.55 மி.மீ. நீ ஒண்ணும் சொல்லலைன்னா அந்த மெஷின் அடிக்கு 1 மி.மீ. மேல நின்னு உறிஞ்சும். இப்போ ஆழத்தைத் தவறி 12.67-னு போட்டுட்டேன்னு வெச்சுக்க. அடி 1.55-ல இருக்குன்னு நம்பி 2.55-க்கு இறங்கப் பார்க்கும். நிஜ அடி 3.55-லயே வந்துடுது. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் குடையும். டிப் வளையும், உன் மூஞ்சியும் வளையும்.

அதுக்குப் பயந்து 8.67-னு குறைச்சுப் போடற கெட்டிக்காரனும் உண்டு. அவனுக்கு டிப் உடையாது, பேர்தான் உடையும். இப்போ டிப் நிஜ அடிக்கு 3 மி.மீ. மேல நிக்குது. அந்தக் குழியோட விட்டம் 6.86. அதுல 100 மைக்ரோலிட்டர் ஊத்தினா 2.7 மி.மீ. உயரம்தான் வரும். மெஷின் அழகா இறங்கி, அழகா காத்தை உறிஞ்சி, அழகா அடுத்த பிளேட்டுல காத்தை ஊத்தும். சத்தம் வராது, சிவப்பு விளக்கு எரியாது. ஒரு வாரம் கழிச்சு பாஸ் ரிசல்ட்டைப் பார்த்துட்டு "ஏன்டா எல்லாம் ஜீரோ?"ன்னு கேப்பார். முட்டற தப்பு நல்லவன், கூப்பாடு போட்டுச் சொல்லிடும். காத்து குடிக்கற தப்புதான் ஊமைக் குசும்பன்.

நாலாவது, உயரம். மூடி போட்டா ஒரு உயரம், மேல ஃபிலிம் ஒட்டினா ஒரு உயரம், சும்மா இருந்தா ஒரு உயரம். ஆழக்குழி பிளேட்டுல சிலது 40 மி.மீ.-ஐத் தாண்டி நிக்கும். அதைச் சாதா பிளேட்னு சொல்லி வெச்சா, மெஷின் கை குறுக்கே போறப்போ அதோட தலையைத் தட்டிட்டுப் போகும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறதும் தனிக் கணக்கு. மேல் பிளேட் கீழ் பிளேட்டுல கொஞ்சம் உள்ளே உக்காரும். ரெண்டு பிளேட்டோட கனம் ரெண்டு மடங்கு ஆகாது. வி-ஒர்க்ஸ்ல அடுக்குக்குன்னு தனியா ஒரு கனம் கேக்கறது அதுக்குத்தான். அந்தக் கட்டத்துல நீ அதே நம்பரை மறுபடி அடிச்சு வெச்சிருக்கே. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாம, தெரிஞ்ச பதிலை எழுதற பழக்கம் உனக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்தே இருக்கு.

அஞ்சாவது, திசை. இப்போ கூட்டினோமே, ரெண்டு பக்கமும் சமமா 14.38-னு? அந்த அழகுலதான் ஆபத்தும் இருக்கு. பிளேட்டை அப்படியே அரைச் சுத்து திருப்பி வெச்சாலும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. A1-னு நெனச்சு எதிர் மூலையில இருக்கற H12-ல ஊத்தும். ஒரு டிப்பும் முட்டாது. மூலையில வெட்டு இருக்கேன்னு நம்பாதே, எந்த மூலையில வெட்டறதுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளேட்டுல அச்சடிச்ச A-ஐப் பாரு. ஃபைலோட குறிப்புல "வெட்டு இந்த மூலையில"ன்னு ஒரு வரி எழுதி வை.

இவ்வளவும் செஞ்சப்புறம் தண்ணியில ஓட்டு. நோயாளி ரத்தத்துல ஒத்திகை பார்க்காதே. தண்ணியில கொஞ்சம் சாயம் கலந்து 96 குழியிலயும் ஊத்த விடு. மூலைக் குழி நாலையும் மொதல்ல பாரு. நடுக் குழி எப்பவும் நல்ல பிள்ளை, அது சாட்சிக்கு உதவாது. அப்புறம் பிளேட்டைத் தராசுல வை. 100 மைக்ரோலிட்டர் தண்ணி ஏறக்குறைய 100 மில்லிகிராம். 96 குழிக்கு 9.6 கிராம் ஏறணும். தராசு உன் பாஸுக்கும் பயப்படாது, உன் அம்மாவுக்கும் பயப்படாது.

பெரும்பாலான மெஷின்ல கொஞ்சம் இடம் தள்ளித் திருத்திக்கற வசதி இருக்கு. பிளேட் வைக்கற ஒரு மேடையில மட்டும் அரை மில்லிமீட்டர் தள்ளினா அது மேடையோட கோணல், தள்ளிக்க. எல்லா மேடையிலயும் அதே பக்கம், அதே அளவு தள்ள வேண்டி வந்தா கோணல் உன் ஃபைல்ல. அங்க திருத்து. தள்ளித் தள்ளி மறைச்சா, வேற மெஷின்ல ஏத்தற அன்னிக்கு மானம் கப்பலேறும்.

கடைசியா, பேர் வைக்கறது. "நியூ பிளேட் ஃபைனல் 2 ஓக்கே"ன்னு வெச்சிருக்கியே, அது பேரா புலம்பலா? கம்பெனி, குழி எண்ணிக்கை, கொள்ளளவு, அடியோட வடிவம், இதைக் கோத்து பேர் வை. ஒரு நம்பர் மாத்தினாலும் பதிப்பு எண்ணை ஏத்து. இல்லைன்னா போன மாசம் சரியா ஓடின வேலை இந்த மாசம் சொல்லாம கொள்ளாம மாறிடும். சில சாஃப்ட்வேர்ல நீ எழுதின பிளேட் உன் கம்ப்யூட்டர்லதான் தங்கும், மெஷினுக்குப் போகாது. பொதுவான இடத்துல ஒரு பிரதி போட்டு வை. தைப்பூசத்துக்கு லீவு போட்டுத் தண்ணீர்மலையில பாதிப் படி ஏறினப்புறம் "உன் பிளேட்டைக் காணோம்"னு போன் வந்தா, முருகன் வந்து காலிப்பர் பிடிக்க மாட்டார்.

அந்த ஃபைல்ல யார் அளந்தது, எந்தத் தேதியில அளந்ததுன்னும் எழுது, பேராண்டி. பெருமைக்கு இல்லை. மூணு வருஷம் கழிச்சு எவனாவது ராத்திரி பத்து மணிக்கு டிப் பொறுக்கறப்போ, அவன் விடற திட்டு பக்கத்து மேசைக்காரனுக்குப் போயிடாம, சரியான ஆள்கிட்ட வந்து சேரணும்ல?