பேய் பாதி, போலீஸ் மீதி

மர்ம நாவல் மாமா உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பஸ் கிளம்பப் போகிறது, மாமி ஜன்னல் வழியாகக் கத்துகிறாள், மாமா மட்டும் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அட்டையில் முழு நிலா, தலைவிரி கோலமாக ஒரு பெண், ரத்தம் சொட்டும் கத்தி. உள்ளே நிலாவும் இருக்காது, அந்தப் பெண்ணும் இருக்கமாட்டாள். மாமாவுக்கும் தெரியும். வாங்குவார்.

ராஜேஷ்குமார் என்றால் தனி மரியாதை. ஓர் அத்தியாயம் கோவையில் ஓடும், அடுத்தது சம்பந்தமே இல்லாமல் வேறெங்கோ ஓடும். இரண்டும் எங்கே முட்டும் என்று நாற்பதாம் பக்கத்திலேயே பந்தயம் கட்டுவார். 1,500 நாவலுக்கு மேல் எழுதியவரை இவர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

கதையில் பேய் வந்துவிட்டால் கணக்கே வேறு. மல்லிகை வாசனை, கொலுசுச் சத்தம், பூட்டிய அறையில் பிணம். "ஜமீன் பங்களாவா? அப்ப சொத்துத் தகராறுதான். உயில்ல யார் பேர் இருக்குன்னு பாரு, அவளோட சித்தப்பாதான் பேய்" என்பார். வாடகை நூலகப் புத்தகமென்றால் தீர்ப்பைப் பென்சிலால் ஓரத்தில் எழுதியும் வைப்பார். மூன்று ஆட்களுக்கு நேரே "இவன்தான்!" என்று எழுதிய பிரதி ஒன்று என் கைக்கு வந்தது. அதில் ஒருவன் இருபதாம் பக்கத்திலேயே செத்துப்போயிருந்தான்.

தொண்ணூறுகளில் டிவியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' ஓடியபோது, குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் மாமா எழுந்து வாசல் கதவைத் தாழிடுவார். கேட்டால், கொசு.

அவருடைய ஜென்மப் பகை மட்டும் 'கொலையுதிர் காலம்'. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் சுஜாதா எழுதிய தொடர். நடமாடுவது ஆவியா, ஹாலோகிராம் என்ற ஒளி வித்தையா என்று அவருடைய வக்கீல் ஜோடி கணேஷும் வசந்தும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கதை. விஞ்ஞானம் எல்லாம் விளக்கிவிட்டது என்று நாம் சாய்ந்து உட்காரும்போது, சுஜாதா ஒரு சந்தேகத்தை விட்டுவைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கென்னவோ அந்தச் சந்தேகத்துக்கே புத்தக விலை முழுதும் தகும். மாமா ஒப்பவில்லை. "பேய் இருந்துட்டுப் போகட்டும்பா. கடைசிப் பக்கத்துல விலங்கு மாட்ட வேண்டாமா?" நாற்பது வருஷமாக இதே கேள்வி.

போன மாதம் ராத்திரி அவர் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளையாக ஏதோ ஆடியது. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றபடியே டார்ச் அடித்துத் துப்பறிந்தார். கொடியில் மறந்துபோன அவருடைய எட்டு முழ வேஷ்டி.

"கேஸ் முடிஞ்சுது" என்று இறங்கி வந்தார்.

"அப்ப போய் எடுத்துண்டு வாங்கோ" என்றாள் மாமி.

வேஷ்டியை விடிந்த பிறகு மாமிதான் எடுத்து வந்தாள்.