சைபர்ஜெயா மாப்பிள்ளை

ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும் இந்த மாப்பிள்ளையைப் பார்க்கலாம். பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருப்பார். ரசம் ஊற்ற வருகிறவரை இடது கையால் தடுப்பார். உதடு அசையும். நம்மிடம்தான் பேசுகிறார் என்று காதைக் கொடுத்தால், போலந்துக்காரர் யாருக்கோ "ஷ்யூர், ஷ்யூர்" என்று பதில் போய்க்கொண்டிருக்கும். அம்மா கூப்பிட்டால், "கோல்ல இருக்கேன்மா." அத்தை கூப்பிட்டால், "ரெண்டே நிமிஷம் அத்தே." அந்த இரண்டு நிமிஷத்தில் பாயசம் போய் மோரும் வந்துவிடும்.

மியூட் பொத்தானை நம்பித்தான் மாப்பிள்ளை குடும்பம் நடத்துகிறார். மியூட்டில் போட்டுவிட்டுக் கோழிக்குத் தீனி வைப்பார், மகளுக்கு வாய்ப்பாடு கேட்பார், மீன்காரரிடம் பேரம் பேசுவார். மேலாளர் பெயர் சொல்லி அழைத்ததும் ஒரு தட்டுத் தட்டி, இவ்வளவு நேரமும் கண்கொட்டாமல் கேட்டவர் போல, "நல்ல பாயிண்ட்" என்பார். எது நல்ல பாயிண்ட் என்று அவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. ஒருமுறை தட்ட மறந்துவிட்டார். தோட்டத்து மாரியம்மன் திருவிழா; உறுமி மேளம் இணையக் கூட்டத்திலிருந்த மூன்று கண்டங்களுக்கும் கேட்டது. கிராக்கோவ் பெண் இசையைப் பாராட்டினாராம். பெங்களூர்க்காரர் மட்டும் வாயே திறக்கவில்லை. அவர் ஊரிலும் அம்மன் உண்டு.

மறுபக்கமும் உண்டு. மியூட்டிலேயே ஒரு திட்டம் முழுவதையும் விளக்கி முடித்திருக்கிறார். அதைவிட மோசம், காதில் ஒன்றும் மாட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கையில் மனைவி பள்ளிக் கட்டணம், கார் சாலை வரி, மாமனாரின் கண் அறுவை என்று வரிசையாகச் சொல்லி முடித்தபோது அவர் சொன்ன பதில்: "சோரி, மியூட்ல இருந்தேன்."

இவருடைய கடிகாரத்தையும் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா, கிராக்கோவ், பெங்களூர், மலேசியா நான்கும் கூடும் கூட்டத்துக்குக் கலிஃபோர்னியாவில் காலை 8 மணி. கிராக்கோவில் மாலை 5. பெங்களூரில் இரவு 9.30. நம்மவருக்கு நள்ளிரவு 12. உலகத்துக்கே தோதான நேரமாம்! மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியதும் கூட்டம் 11 மணிக்கு வந்துவிடும். அன்றைக்கு மாப்பிள்ளை முகத்தில் தீபாவளி.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இதெல்லாம் பழைய கதை. "பெரட்டுக்குப் பேர் கூப்பிட்டாச்சா?" என்று திண்ணையிலிருந்து கேட்பார். அவர் காலத்தில் விடியுமுன் பெரட்டு. மண்டோர் பேரைக் கூப்பிட்டு நிரையைச் சொல்லிவிட்டால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும் என்பதால் வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடிக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. மகனின் பெரட்டுக்கு மழையும் இல்லை, தைப்பூசமும் இல்லை.

அலுவலகத்தில் துறைகளைக் கலைத்து அடுக்குகிறார்கள் என்று மகன் தூக்கம் கெட்டுத் திரிந்தபோதும் பெரியவர் அசையவில்லை. "நம்ம தோட்டத்தக் கத்ரி கம்பெனின்னாங்க. 2007ல சைம் டார்பியோட சேத்தாங்க. 2024ல எஸ்டி கத்ரின்னு பேர மாத்துனாங்க. மரம் என்ன பேரைப் பாத்தா பால் விட்டுச்சு?"

மாப்பிள்ளையைக் குறை மட்டும் சொல்லிவிடவும் முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் எழுதும் வேலை விண்ணப்பங்களை வரிவரியாகத் திருத்திக் கொடுப்பவர் இவர்தான். திருவிழா அன்னதானத்துக்கு முதல் நன்கொடையும் இவருடையது. சைபர்ஜெயா எழுந்த இடமும் ஒரு காலத்தில் தோட்டக்காடு. அங்கே கண்ணாடிக் கட்டடத்துக்குள் கழுத்தில் அட்டை தொங்க மகன் நுழைவதைப் பார்த்த அம்மாவின் பெருமை பொய்யில்லை.

ஆனால் கணக்கு என்று வந்தால் சிரிக்க முடியவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி நேர வேலையை 45 ஆகக் குறைத்தார்கள். அது இவருக்கும் பொருந்தும். ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு ஓவர்டைம் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நள்ளிரவுக் கூட்டமெல்லாம் ஓசி! அப்பாவுக்காவது சம்பளம் பேசத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. மகனுக்கு இருப்பது, வருடத்துக்கு ஒரு போர்ட்டிக்சன் குடும்ப தினமும் கம்பெனி பேர் போட்ட டீ சட்டையும்.

வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க அந்தத் திருத்தமே வழி செய்திருக்கிறது. கேட்டால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் திருத்தித் தரும் மாப்பிள்ளைக்கு, இந்த ஒரு விண்ணப்பத்தை எழுத மட்டும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.