ஓட்டை பிறக்கும் வகை: ஒரு தருக்க விசாரணை

தருக்க நூலார் இன்மையை நான்காக வகுத்தனர். பானையை வனைவதற்கு முன் அது இல்லாதது ஒரு வகை. உடைந்தபின் இல்லாதது இன்னொரு வகை. பானையோடு நின்றுவிட்டதால், கடைக்காரர் 'எக்ஸ்பாண்டட் மெட்டல்' என்று எடுத்துப் போடும் வைரக்கண் வலைத் தகட்டுக்கு அவர்கள் இலக்கணம் சொல்லவில்லை. அந்தக் குறையை நீக்க இங்கே ஒரு சிறு முயற்சி.

பஞ்ச் அடித்துத் துளைத்த தகட்டில் வழக்கே இல்லை. துளைக்குத் துளை ஒரு சில்லு கீழே விழுகிறது. ஓட்டைக்கு முன் அங்கே இருந்தது எது என்று யாராவது கேட்டால், குப்பைத் தொட்டியைக் காட்டிவிடலாம். எக்ஸ்பாண்டட் மெட்டல் செய்யும் இடத்திலோ அந்தத் தொட்டி காலி.

எங்ஙனம் எனின், தகடு சில மில்லிமீட்டர் முன்னே நகர்கிறது. கீழே நேரான கத்தி, மேலே பல் வைத்த கத்தி. மேல் கத்தி தகட்டின் ஓரத்தில் இடைவெளி விட்டு விட்டுக் கீறுகிறது. கீறிய கையோடு அந்தப் பட்டையைக் கீழே அழுத்தி இழுத்தும் விடுகிறது. கீறாமல் விட்ட இடம் முடிச்சாக நிற்கிறது. பிறகு கத்தி அரைக் கண் அளவு பக்கவாட்டில் விலகி மறுபடி இறங்கும். பின்னலும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. அதனால் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றக் கண்கள் அவிழ்ந்து வராது. ஜான் பிரெஞ்ச் கோல்டிங் 1880-களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் இத்தொழிலுக்குப் பேர்போன ஊராயிற்று. கார் பேட்டரிக்குள் இருக்கும் ஈய வலையையும் இப்படிக் கீறி விரித்துச் செய்வதுண்டு.

இனி ஆசங்கை: உலோகம் குறையவில்லை என்றால் ஓட்டை எங்கிருந்து வந்தது?

நீளத்திலிருந்து வந்தது என்க. குறுக்குக் கண், அதாவது கண்ணின் குட்டை வாட்டு அளவு, 40 மில்லிமீட்டர், பட்டை அகலம் 5 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒரு கண்ணுக்கு இரண்டு பட்டை. ஆக, 10 மில்லிமீட்டர் தகடு 40 மில்லிமீட்டர் வலையாகிறது. 1 மீட்டர் உள்ளே போனால் 4 மீட்டர் வெளியே வரும், அகலம் மாறாது. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ, வலையானதும் 6 கிலோகூட இல்லை. கிலோக் கணக்கில் வாங்குகிறவருக்கு ஓட்டை முழுக்க இலவசம்.

பெயரிடும் முறையில்தான் வம்பு. நெடுங்கண் (கண்ணின் நீள வாட்டு அளவு), குறுக்குக் கண், பட்டை அகலம், தடிமன் என நான்கு அளவு சொல்ல வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 412 என்ற ஆவணமே இதற்கென்று இருக்கிறது. வாங்கப் போகிறவரோ, 'எட்டுக்கு நாலு ஒண்ணு குடுங்க' என்பதோடு முடித்துக்கொள்கிறார். நெடுங்கண் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? நடைமேடையில் அது ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கிக்கு ஓட வேண்டும். திருப்பிப் போட்டால் காலடியில் தொய்யும்.

பட்டைகள் லூவர் கண்ணாடிபோலச் சாய்ந்திருப்பது இன்னொரு நுட்பம். உருளையில் கொடுத்துத் தட்டையாக்கினால் அந்தச் சாய்வு போய்விடும். தட்டையாக்காததை மாடி வராந்தாவில் மாட்டுகிறவர் மேல் கீழ் பார்த்து மாட்ட வேண்டும். தவறினால் தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு வீட்டின் உள்ளே தெரியும்.