வரலாறு இல்லாத பூங்கா ஒன்று வேண்டும்

கண்டி மாநகர சபையின் பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

கண்டிக்கும் மாத்தளைக்கும் நடுவே ஏ-9 நெடுஞ்சாலையோரம் வாழும் அலவத்துகொட வாசிகள், காற்று வாங்குவதற்கென்றே பஸ் ஏறி நகருக்கு வந்து, அங்குள்ள உலாவிடங்களின் வரலாற்றையும் கற்றறிந்த பின்னரே இவ்விண்ணப்பத்தை வரைந்துள்ளனர்.

கண்டியில் மக்கள் காற்று வாங்குமிடங்கள் மக்களுக்காக உண்டாக்கப்பட்டவையல்ல என்பதே அவ்வரலாற்றின் முதற்பாடம். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தலதா மாளிகையை அடுத்திருந்த வயல்நிலத்தை 1807 இல் இராஜகாரியத்தால், அதாவது குடிகள் அரசுக்குச் செய்தே தீரவேண்டிய கட்டாய ஊழியத்தால், ஏரியாக்கினான். பாற்கடல் எனப் பொருள்படும் 'கிரி முஹுத' என்ற பெயரும் அதற்கு வழங்கியது. அப்பாற்கடலில் நெடுநாள் பள்ளிகொள்ள அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1815 இல் சிறைப்பட்டு, 1832 இல் வேலூரில் மறைந்தான். ஏரி நடுவேயிருந்த அவனுடைய தீவை ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்காக்கினர்.

உடவத்தகெலே மன்னர் காலத்தில் குடிகள் புகக்கூடாத தடைவனமாயிருந்தது. ஆங்கிலேயர் அதில் பாதைகள் வகுத்து, ஹோர்ட்டன், டொரிங்டன், கோர்டன் முதலிய ஆளுநர்களின் மனைவியர் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினர். ஆகவே அங்கு உலாவுதற்குரிய தகுதி, அரசனாயிருத்தல் என்பதிலிருந்து ஆளுநரை மணந்திருத்தல் என்பதாகச் சற்றே தளர்ந்தது. 1938 இல் வனம் சரணாலயமாகவே, குரங்குகளுக்கும் சட்டபூர்வமான அந்தஸ்து கிடைத்தது.

எனினும் வேஸ் பூங்காவுக்கு நிகரில்லை. ஏரியைப் பார்த்தபடி மேட்டில் அமைந்த, ஹேர்பட் வேஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் தாங்கிய அச்சிறு பூங்காவின் தலையாய அணிகலன், பர்மாவில் யப்பானியரிடமிருந்து கைப்பற்றப்பட்டு, மவுண்ட்பேட்டன் பிரபுவால் கண்டிக்கு அன்பளிக்கப்பட்ட பீரங்கியாகும். 1944 இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் தலைமையகம் அமைத்து, மலர்களுக்கு நடுவிலிருந்து போர் நடத்திய ஒருவர், போர்க்கருவியைப் பூங்காவுக்கே அளித்தது முறையானதே. சிறுவர் பூங்காவுக்கு வந்து பீரங்கியைப் பார்க்கலாமா என ஐயுறுவோரும் உளர். யப்பான் சாமானென்பதால் தரத்தில் குறையிராது என்பதே அவர்களுக்குரிய விடை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிய அலவத்துகொட வாசிகள் கோருவது, வரலாறே இல்லாத ஒரு பூங்காவை மட்டுமே. எந்த அரசனும் நீராடாத, எந்தச் சீமாட்டியும் உலாவாத அரை ஏக்கர் நிலத்தில், இரண்டு ஊஞ்சல்களும், ஒரு சறுக்கு மரமும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், பூட்டுப் போடாத ஒரு மலசலகூடமும் இருந்தாற் போதும். திறப்புவிழாக் கல்லில் எவர் பெயரைப் பொறித்தாலும் இவ்வூராருக்கு ஆட்சேபனையில்லை. கல்லுக்குப் பின்னால் பூங்காவும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

அலவத்துகொட மாநகர எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதையும், ஆகவே இக்கடிதம் வேறொரு காரியாலயத்துக்கு அனுப்பப்படும் என்பதையும் அவர்கள் நன்கறிவர். அவ்வாறு அனுப்புகையில், பூங்காவுக்கு ஈடாகப் பீரங்கியை மட்டும் உடன் அனுப்பிவிடலாகாதென வினயமாகக் கேட்டுக்கொள்கின்றனர்.

இங்ஙனம்,
அலவத்துகொட வாசிகள்